சம்பந்தி வீட்டாருக்குச் சமையலறைச் சபை வகுத்த பயணத் திட்டம்

எல்ம், கிளாரஸ் மாநிலம்,
மே மாதம், வியாழக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி திரு. ப்ரேபன் ஹோல்ஸ்ட் அவர்களுக்கு, எல்மிலிருந்து யோஸ்ட் ஹெஃப்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், என் மனைவி எல்ஸ்பெத்தும், தங்கள் வருங்கால மருமகள் பெட்டினாவும், மலைகளும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அந்தக் கதை இப்போது வேண்டாம். அங்கே டென்மார்க்கில் தாங்களும், சம்பந்தியம்மா கிர்ஸ்டன் அவர்களும், மாப்பிள்ளை ராஸ்முஸும் நலமாக இருப்பீர்கள் என்றும், கடல் அதன் இடத்திலேயே இருக்கிறது என்றும் நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அனுப்பிய பச்சைப் பாலாடைக்கட்டி வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. அதை வீட்டுக்குள் வைக்காமல் படகுக் கொட்டகையில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை என்கிறாள் எல்ஸ்பெத். அந்த வாசனை பழகச் சிலருக்கு ஒரு வாரம் பிடிக்கும், சிலருக்கு ஒரு தலைமுறை பிடிக்கும்.

தாங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வரும்போது இரண்டு வாரம் தங்கப்போவதாகவும், எங்கள் நாட்டில் எந்தெந்த நகரம், எந்தெந்த வட்டாரம் பார்க்கலாம் என்று நானே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சம்பந்தி, சரியான ஆளைத்தான் கேட்டீர்கள். ஆயுள் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். இந்த நாட்டில் எந்த ரயில் எந்த நடைமேடையில் எந்த ரயிலுக்காகக் காத்திருக்கும் என்பது எனக்கு என் மனைவியின் பிறந்தநாளை விட நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை அவளும் வருஷத்துக்கு ஒரு முறை எனக்கு ஞாபகப்படுத்துவாள். உங்கள் ஊரில் 'வானமலை' என்று பெயர் வைத்த ஒரு மலை இருப்பதாக ராஸ்முஸ் சொன்னான். படம் கூடக் காட்டினான். நான் மரியாதையோடு தலையை ஆட்டினேன். எங்கள் ஊரில் அந்த உயரத்துக்கு மாடு காலையில் தனியாகப் போய்விட்டுச் சாயங்காலம் தனியாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

தேர்ந்தெடுப்பதுதான் சிக்கல். நான் பாட்டுக்கு நாலு ஊரை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் மாநிலத்தில் எவனும் எதையும் தான் பாட்டுக்குச் செய்வதில்லை. மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கிளாரஸ் நகரத்து மைதானத்தில் கூடி நிற்போம். வரி, பாலம், பள்ளிக்கூடம், எதுவானாலும் அங்கேதான் கை தூக்கி முடிவு செய்வோம். யார் வேண்டுமானாலும் மேடையேறி 'இந்த வரியை நீக்கு, அந்த வரியைச் சேர்' என்று திருத்தம் சொல்லலாம். தலைவர் ஒரு பெரிய வாளை ஊன்றிக்கொண்டு உயரத்தில் நிற்பார். கைகளை அவர் எண்ண மாட்டார், சம்பந்தி! கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார், எது அதிகம் என்று கணிப்பார், அறிவிப்பார். அறிவித்தால் அறிவித்ததுதான். மறு எண்ணிக்கை, மேல்முறையீடு, அழுகை, ஒன்றும் கிடையாது. நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான். உங்கள் நாட்டில் ராணி, ராஜா எல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டேன். பாவம், பழகியிருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து திரும்பிய கையோடு, தங்கள் பயணத்தை முடிவு செய்ய எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சபையைக் கூட்டினேன். வந்தவர்கள் ஐந்து பேர். என் மனைவி எல்ஸ்பெத், மகள் பெட்டினா, பெர்னில் குடியிருக்கும் என் மைத்துனன் மெல்க், அவன் மனைவி ஒர்னெல்லா, அடுத்த வீட்டுக் கூப்லி. ஒர்னெல்லா தெற்கே லுகானோ ஏரிக்கரையில் பிறந்தவள், இத்தாலி மொழிக்காரி, ஒரே மூச்சில் பேசுவாள். மெல்க் பெர்ன்காரனாகவே ஆகிவிட்டவன், அவள் மூச்சு விடும் நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பான். கூப்லியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மைதானத்தில் ஒவ்வொரு வருஷமும் மேடையேறி ஒரு திருத்தம் சொல்லி, ஒவ்வொரு வருஷமும் தோற்றுவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வருகிற மனுஷன். அவர் இல்லாமல் இங்கே ஒரு கூட்டமும் நிறைவாக இருக்காது. அன்றைக்குப் பார்த்து மலையிலிருந்து அந்தச் சூடான தெற்குக் காற்று வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அது வீசுகிற நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் தலை நேராக நிற்காது, வாயும் நிற்காது.

வாளுக்குப் பதில் குடையை ஊன்றிக்கொண்டு முக்காலி மேல் ஏறி நின்றேன். வாக்குச் சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு பீர்க் குவளை அட்டையைக் கொடுத்தேன். "பெரும் நம்பிக்கைக்குரிய அன்பான ஊர்மக்களே" என்று முறைப்படி ஆரம்பித்தேன்.

"இறங்குங்க, முழங்கால் போயிடப் போகுது" என்றாள் எல்ஸ்பெத். "அஞ்சு பேரு இருக்கோம். எண்ணுங்களேன், எண்ணத் தெரியாதா?"

"தலைவர் எண்ணக் கூடாது. கணிக்கணும்."

"அஞ்சு கையைக் கணிக்கணுமா! நல்லா இருக்கு உங்க சட்டம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சபை கூடும் நாளில் நாங்கள் சாப்பிடும் கன்றிறைச்சிச் சாஸேஜ், மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த உலர்பழம் மூன்றும் அங்கே தயாராகிக்கொண்டிருந்தன. தீர்மானம் முடியும் வரை பரிமாற வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இந்தச் சாஸேஜை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி, இதனால்தான் எல்லாக் கேடும் வந்தது.

முதலில், நகரத்து நடுவே கரடி வளர்க்கிற பெர்னுக்காக மெல்க் எழுந்தான். "பெர்ன். தலைநகரம். கரடி. முடிஞ்சுது" என்று உட்கார்ந்தான். அவன் உட்காருவதற்குள் ஒர்னெல்லா எழுந்துவிட்டாள். "ஏங்க, டென்மார்க்லேருந்து இவ்ளோ தூரம் வர்றவங்க மழையில நனைஞ்ச கரடியையா பாக்கணும்? யோஸ்ட் அண்ணே, எழுதிக்கோங்க, லுகானோ! எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு பனைமரம்! வெயில்! ஐஸ்கிரீம்! செப்டம்பர்ல கூடச் சட்டையைக் கழட்டிட்டு உக்காரலாம்." "சம்பந்தியம்மா ஏன் சட்டையைக் கழட்டணும்?" என்று கேட்டான் மெல்க். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என்ன பேசினார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, பாதி இத்தாலி மொழியில் நடந்தது. கடைசியில் பகல் சாப்பாடு பெர்னில், ராத்தூக்கம் லுகானோவில் என்று ஒரு திருத்தம் வந்தது, நிறைவேறியது. பெட்டினா லோஸானில் படித்தவள், அந்தப் பெரிய ஏரியும் திராட்சைத் தோட்டமும் இல்லாமல் திட்டம் திட்டமே இல்லை என்றாள். பிரெஞ்சுக்காரப் பக்கத்தைச் சேர்த்தால் ரோமான்ஷ் பேசுகிறவர்கள் மனம் புண்படுமே என்று நான் எங்கடீன் பள்ளத்தாக்கில் அரை நாளை நுழைத்தேன். நாலு மொழிக்கும் நியாயம் செய்தாயிற்று. இந்த உலகத்தில் வேறெந்த நாட்டில் விருந்தாளியின் பயணத்துக்கு இப்படி ஒரு நியாயம் கிடைக்கும், சொல்லுங்கள்!

கூப்லி எழுந்தார். "தலைவரே, ஒரு திருத்தம். அவங்க தட்டையான ஊர்க்காரங்க, மலையைப் பார்த்தாத் தலை சுத்தும். மலை எல்லாத்தையும் நீக்கிடலாம்." ஒரு கை கூட எழவில்லை. அவர் கையே எழவில்லை. உடனே மறுபடியும் எழுந்தார். "அப்படின்னா இன்னொரு திருத்தம். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு மலை சேர்த்துக்கணும்." அது எல்லா அட்டையும் எழ நிறைவேறிவிட்டது! மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் வாழ்க்கையில் ஜெயித்த முதல் திருத்தம். உட்காரவே மறந்துபோய் நின்றார். எல்ஸ்பெத் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து ஒரு சாஸேஜை வைத்தாள். அவள் கொண்டுவந்த ஒரே தீர்மானம், சம்பந்தியம்மா போகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க நேரம் விட வேண்டும் என்பது. அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

ஸூரிக் நகரத்தை ஒருவரும் முன்மொழியவில்லை. அதில் மட்டும் பெர்னும் லுகானோவும் கிளாரஸும் அண்ணன் தம்பி. ஆனால் எல்லா ரயிலும் அதன் வழியாகத்தான் போகிறது, என்ன செய்வது? கடக்கும்போது ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொள்ளவும்.

இப்படியாக உருவான திட்டத்தைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். காலையில் லோஸான் ஏரி, மதியம் பெர்ன் கரடி, நடுவில் பெர்ன் மலை, காபி, ராத்திரி லுகானோ, விடிந்ததும் லுகானோ மலை, காபி, அங்கிருந்து எங்கடீன் என்று போகும். எங்கும் ஓடத் தேவையில்லை, வேகமாக நடந்தால் போதும். ஒரு இணைப்பு ரயில் கூடத் தவறாது. இதைப் போட்டு முடித்தபோது நான் என்னையே மெச்சிக்கொண்டேன், எல்ஸ்பெத் மெச்சவில்லை என்பதால். "ரெண்டு பேரும் வயசானவங்க. இந்தத் திட்டப்படி போனா ஒருத்தரை ரயில்ல, ஒருத்தரை ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வரணும்" என்றாள். அது அவள் கருத்து, சபையின் கருத்து இல்லை.

இதுவரை எல்லாம் பெருமைதான். இனி எழுதப்போவதுதான் சம்பந்தி, கஷ்டம்.

கல்யாணம் எந்த ஊரில் என்பது இன்னும் முடிவாகவில்லை அல்லவா? பெட்டினாவைக் கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்கிறாள், ராஸ்முஸைக் கேட்டால் அவனும் இவளிடம் கற்றுக்கொண்ட "பார்க்கலாம்ப்பா"வையே சொல்கிறான். மே மாதம் ஆகிவிட்டது! எங்கள் நாட்டில் செப்டம்பர் கல்யாணத்துக்கு மே மாதத்தில் மண்டபம் பிடிக்கவில்லை என்றால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று பேசுவார்கள். சம்பந்தியம்மா போன தடவை வந்தபோது எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் லூசெர்ன் ஏரியையும் மரப்பாலத்தையும் பார்த்து, "இப்படி ஒரு இடத்துல கல்யாணம் நடந்தா எவ்ளோ அழகா இருக்கும்!" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அன்று ராத்திரியே அந்த நாட்காட்டியைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். அதிலும் அடுத்த மாதம் லூசெர்ன்தான் வந்தது.

என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு எதிரே உள்ள மலை முகட்டில், பாறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆடு திருடிய ராட்சதன் மேல் புனித மார்ட்டின் கைத்தடியை எறிந்ததால் விழுந்த ஓட்டை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வருஷத்தில் மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒன்றிரண்டு காலை மட்டும், மலைக்குப் பின்னால் இருக்கும் சூரியன் அந்த ஓட்டை வழியாக ஒளியை அனுப்பும். அது நேராக எங்கள் தேவாலயத்தின் மேல் வந்து விழும். ஊர் முழுக்க நிழலில் இருக்கும், தேவாலயம் மட்டும் பொன்னாக நிற்கும். கொஞ்ச நேரம்தான். என் மகள் பிறந்த வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த ஒளியில் நின்றேன். அவள் கல்யாணம் முடிந்ததும் டென்மார்க்குக்கு, உங்கள் சமவெளிக்கு வந்துவிடுவாள். வரட்டும், ராஸ்முஸ் தங்கமான பிள்ளை. ஆனால் அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகக் கடைசியாகத் தாண்டுகிற வாசல் அந்தத் தேவாலய வாசலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தின்கிற சோறு இறங்காத அளவுக்கு ஆசை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தலைவனாக இருப்பவன் ஒரு பக்கம் சாயக் கூடாது.

ஆனாலும் எல்ஸ்பெத்துக்கு எப்படியோ தெரியும். பயணத் திட்டம் முடிந்ததும் அவளே எழுந்து, "கல்யாணம் எல்ம்ல. இது என் தீர்மானம்" என்றாள். நான் முக்காலி மேல் குடையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் மைத்துனனும் அவன் பெண்டாட்டியும், பெர்னா லுகானோவா என்று மறுபடியும் ஆரம்பித்து, சண்டை தீர ரெண்டுக்கும் பொதுவான இடம் என்று லூசெர்னில் வந்து சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், அது என் தலையில் வந்து விடிந்தது.

"மச்சான், எல்ம்ல மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் மெல்க். "ஒரு வருஷம் ஜெர்மன்காரங்க ஒரு பஸ் நிறைய வந்து, குடைக்கு அடியில நின்னு சூப் குடிச்சிட்டுப் போனாங்களே."

"மேகம் எங்க ஊர் மேகம், எங்களுக்குப் பழக்கம்" என்றாள் எல்ஸ்பெத். "நீங்க உங்க கரடியைப் பாருங்க."

வாக்கெடுப்பு வைத்தேன். எல்முக்கு யார் யார்? எல்ஸ்பெத்தின் அட்டை கூரையை இடிக்கிற மாதிரி எழுந்தது. கூப்லியின் அட்டை எழுந்தது, ஆனால் தோள்வலி என்பதால் காது வரைக்கும்தான் எழுந்தது. பெட்டினா கையைத் தூக்கவே இல்லை. அட்டையை மேசை மேல் கவிழ்த்துவைத்து, ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். சம்பந்தி, என் மகள்! அவள் பிறந்த ஊருக்கு அவள் கை எழவில்லை. தலைவன் அழக் கூடாது என்று சட்டத்தில் எழுதவில்லை, ஆனால் வழக்கம் இல்லை. அதனால் கண்ணைத் துடைக்கிற சாக்கில் கண்ணாடியைத் துடைத்தேன். லூசெர்னுக்கு யார் யார் என்று கேட்டேன். அட்டைகள் எழுந்தன. ஒரு பார்வை பார்த்தேன். மெல்க்கின் கை இருக்கிறதே, ரொட்டிச் சட்டுவம் மாதிரி, ஒன்றே இரண்டாகத் தெரியும். பக்கத்தில் ஒர்னெல்லா. அவளுக்குப் பின்னால், அடுப்பு ஓரம், இன்னொன்றும் உயர்ந்து நின்றது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கிற அதிகாரிகளைத் தலைவர் கேட்கலாம் என்பது மைதானத்து வழக்கம். என் பக்கத்தில் பூனைதான் நின்றது. "லூசெர்னுக்கே பெரும்பான்மை" என்று அறிவித்துவிட்டுக் குடையைத் தரையில் தட்டினேன்.

அப்புறம்தான் அடுப்பு ஓரத்தில் உயர்ந்து நின்றது கீழே இறங்கிக் கூப்லியின் வாய்க்குள் போனது. அது கை இல்லை, சம்பந்தி. முள்கரண்டியில் குத்தி, ஆறட்டும் என்று உயர்த்திப் பிடித்திருந்த சாஸேஜ்.

"நான் கையே தூக்கலையே, தலைவரே" என்றார் கூப்லி, வாயில் சாஸேஜோடு. "சூடா இருந்துச்சு, அதான்."

"ரெண்டுக்கு ரெண்டு! திரும்ப எடுங்க" என்றாள் எல்ஸ்பெத்.

"அறிவிச்சாச்சு" என்றேன்.

"யோஸ்ட்!"

"அறிவிச்சா அறிவிச்சதுதான். எனக்குப் பிடிச்ச மாதிரி வரலைன்னு திரும்ப எடுத்தா, நாளைக்கு இந்த வீட்ல எந்தத் தீர்மானம் நிக்கும்?"

"சாஸேஜுக்கு ஓட்டு இருக்கா உங்க சட்டத்துல?"

இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. யாரும் இதுவரை யோசிக்கவில்லை. நான் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். மெல்க்கே எழுந்து வந்து, "மச்சான், நாங்க சும்மாதான் லூசெர்ன்னு சொன்னோம், மாத்திக்கோங்க" என்று கெஞ்சினான். ஒர்னெல்லா அழுதேவிட்டாள். நான் அசையவில்லை. அன்றிலிருந்து இன்று வரை எல்ஸ்பெத் என்னோடு பேசுவது பூனை மூலமாகத்தான். "சாப்பாடு மேசை மேல இருக்குன்னு உன் தலைவர்கிட்டச் சொல்லு" என்கிறாள் பூனையிடம். சாப்பாடு ஆறிப்போய்த்தான் இருக்கிறது.

ஆகவே முறைப்படி அறிவிக்கிறேன்: சபையின் தீர்மானப்படி கல்யாணம் லூசெர்னில் நடக்கும். சம்பந்தியம்மா ஆசைப்பட்டபடியே ஏரியும் பாலமும் இருக்கும். உங்கள் ஊர் வழக்கப்படி மணமக்கள் முத்தமிட வேண்டும் என்று விருந்தாளிகள் தரையைக் காலால் உதைப்பார்கள் என்று ராஸ்முஸ் சொன்னான். தரை உறுதியான மண்டபமாக நானே போய்ப் பார்த்து வைக்கிறேன். எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் இதையும் சொல்கிறேன்: தன் வயிறு எரியும்போதும் தீர்ப்பை மாற்றாத மனுஷன் இந்த மாநிலத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான் என்று உங்கள் துறைமுகத்தில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் சொல்லவும். எங்கள் மலைகள் உங்கள் தலைக்கு மேலும், உங்கள் கடல் உங்கள் காலுக்குக் கீழும் இருக்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள சம்பந்தி,
யோஸ்ட் ஹெஃப்டி
(சமையலறைச் சபைத் தலைவர்)

பின்குறிப்பு: உறையில் தங்கள் தெருப் பெயரை டேனிஷ் எழுத்தில் சரியாக எழுதித் தரச் சொல்லி, கடிதத்தைப் பெட்டினாவிடம் கொடுத்தேன். அவள் விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். அந்தத் தேவாலய வாசல் இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அம்மா! இனிமே என்னால முடியாது, நீங்களே சொல்லுங்க" என்று கத்தினாள்.

சம்பந்தி, கல்யாணம் எல்மில்தானாம்! பனிக்காலத்திலேயே முடிவாகிவிட்டதாம். பாதிரியாரிடம் போய் நாள் பிடித்ததே எல்ஸ்பெத்தாம். ஊரில் இருக்கிற ஒரே விடுதியில் இரண்டு வாரத்துக்கும் அறை பிடித்து வைத்திருப்பது தாங்களாம். வேறெங்கும் சுற்றுகிற யோசனையே உங்களுக்கு இல்லையாம். "எந்தெந்த நகரம், எந்தெந்த வட்டாரம்" என்று எனக்கு எழுதியது வெறும் தூண்டிலாம். "உங்கப்பாவை ஏதாவது திட்டம் போட விட்டுடும்மா, அப்பதான் வேற எதையும் கவனிக்க மாட்டாரு" என்று சம்பந்தியம்மாதான் பெட்டினாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். கடல்காரர்கள் தூண்டில் போடுவதில் கெட்டிக்காரர்கள் என்று தெரியும், இவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தெரியாது. முன்னாடியே என்னிடம் சொல்லியிருந்தால், நான் தினமும் பாதிரியார் வீட்டுக்குப் போய் மேக நிலவரம் சொல்லி அவர் உயிரை எடுத்திருப்பேனாம். எடுத்திருப்பேன், மறுக்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சவ எதுக்குடி என்மேல கோபப்பட்டே?" என்று எல்ஸ்பெத்தைக் கேட்டேன். இந்த முறை பூனையைக் கூப்பிடவில்லை. "உங்களுக்குத் தெரியாதே. தெரியாமலே பொண்ணு கல்யாணத்தை விட்டுக் குடுத்தீங்களே, அதுக்குத்தான்" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய தீர்மானம், பயணத் திட்டம், எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடவும். இவ்வளவையும் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஒரு மகளும் ஒரு மனைவியும் ஒரு அயல்நாடும் சேர்ந்து சபையை ஏமாற்றியிருக்கிறீர்கள். தலைவன் என்ற முறையில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

பெட்டினாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அன்னிக்கு மேகம் போட்டு, அந்த வெளிச்சம் வரலைன்னா?"

"வரலைன்னா போகட்டும்ப்பா. வெளிச்சத்துக்காகவா இங்க கல்யாணம் வச்சேன்? நீங்க இருக்கிற ஊருன்னு வச்சேன்" என்றாள்.

இதற்கு மேல் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், சம்பந்தி. மன்னிக்கவும். சீக்கிரம் வாருங்கள்.